பழைய மரமும் பதனிட்ட தோலும்

வீட்டில் ஒரு நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டால் அதைப் பரணில் ஏற்றுகிறோம். பரண் நிறைந்துவிட்டால் பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிடுகிறோம். இரண்டுமே அப்பொருளின் தகுதியை அறியாமையால் நேர்வன. பழைய மரச் சாமான்களை, இடிந்த கட்டடங்களில் கழிந்த மரத்தையும் பிறவற்றையும் கொண்டே புதுக்கி எடுப்பது இன்று பல நாடுகளில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. அணைக்கட்டு வட்டாரத்து மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறப்பான வாய்ப்பு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. மரத்துடன் தோலையும் சேர்த்து எண்ணிப் பார்க்க நமக்கு முடியும். ஆயினும் பழையன எல்லாம் நல்லன என்று எண்ணிவிடலாகாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதே இக்கலையில் பாதி. அதனையே இங்கு ஆராய முற்படுகிறேன்.

காரைக்குடி காட்டும் பாடம்

தமிழகத்தில் பழைய மரத்தின் வாணிகத்தைக் காண விரும்புவோர் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவுக்குச் செல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு நூறாண்டுக் காலம் நகரத்தார் பெருமக்கள் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாவில் அவர்கள் வட்டித்தொழில் செய்த காலம் அது. அங்கிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோது அந்த வாழ்வு முறிந்தது. பிறகு வாரிசுகள் பலராயினர். பலர் வெளியூர்களில் குடியேறினர். ஓடு மாற்றவும் ஆளில்லாத வீடுகள் பல பிரிக்கப்பட்டன. தூண், நிலை, கதவு, உத்தரம், அலமாரி என்று அவை துண்டு துண்டாக விலைக்கு வந்தன. 2014 ஏப்ரல் முதல் மியான்மார் அரசு உருண்டைக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் பழைய பர்மாத் தேக்கின் மதிப்பு குறைய வழியில்லை.

இதில் நன்மை எது, தீமை எது? வீடு தானே விழும்போது அதன் மரத்தை எடுத்துக் காப்பது நன்மை. மரத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகவே நிற்கும் வீட்டைப் பிரிப்பது தீமை. ஆனால் கடையில் கிடக்கும் தூணைப் பார்த்து அது எவ்வகையில் வந்தது என்று யாரும் சொல்லிவிட இயலாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன என்பதையும் நாம் மறக்கலாகாது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பிரித்த செட்டிநாட்டு வீட்டின் உறுப்புகள் மீண்டும் வீடாகவே எழுந்து நிற்கின்றன. அது ஒரு வகை. செதுக்கிய நிலையைக் குறுக்கே அறுத்துக் காப்பி மேசையாக்குவது வேறொரு வகை. பின்னதைப் புதுக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முழுதாக உள்ளதை முழுதாகவே செப்பனிடுக. உடைந்து போனதை மட்டுமே அறுத்துப் பயன்கொள்க. இதுவே நான் கொண்ட அளவுகோல்.

பழைய மரம் ஏன் சிறந்தது?

புதிதாய் வெட்டிய மரத்தில் நீர் மிகுதி. அது காயுங்கால் சுருங்கும், முறுகும், வெடிக்கும். எண்பது ஆண்டு கூரையில் இருந்த உத்தரம் தன் கோணல்களை எல்லாம் எப்போதோ முடித்துக்கொண்டது. அன்றியும் அக்காலத் தேக்கு பெரும்பாலும் காட்டில் மெல்ல வளர்ந்த முதுமரம், வைரம் மிகுந்தது. தேக்கின் வைரப் பகுதியிலுள்ள எண்ணெய்ப் பசை கறையானை எளிதில் அண்டவிடாது. ஆனால் வைரத்தைச் சூழ்ந்த வெளிர்ந்த பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே பழைய மரத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்று. பொத்தென்று ஒலித்தால் உள்ளே உளுத்திருக்கக்கூடும். ஊசியால் குத்திப் பாருங்கள். துளைகளிலிருந்து மாவு புதிதாய் உதிர்ந்தால் வண்டு இன்னும் குடியிருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். இழைப்புளி வைக்குமுன் காந்தம் ஒன்றை மரத்தின்மேல் ஓட்டி ஒளிந்திருக்கும் ஆணிகளைக் களைவது மிக முக்கியம். இழைப்புளியின் அலகு மட்டுமன்று, கண்ணும் தப்பும்.

வச்சிரம் என்னும் பசை

பழைய நாற்காலிகளைக் கழற்றத் தெரியாமல் உடைப்போர் பலர். அவற்றில் கழுந்தும் துளையும் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசையே வச்சிரம். பதனிடாத தோலின் ஓரக்கழிவு அதற்கு ஏற்ற மூலப்பொருள். இப்பசை வெந்நீரிலும் ஆவியிலும் இளகும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிச் சற்றுப் பொறுத்தால், கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியே பிரித்துவிடலாம். இக்காலத்து வெள்ளைப் பசை அவ்வாறு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நாம் இன்று ஒட்டுவதை நாளை ஒருவர் பிரிக்கவேண்டியிருக்கும் என்று எண்ணிய தச்சர்களின் முறை அது.

நம் வட்டாரத்துத் தோல்

பிரம்பு அறுந்த நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவோர் இன்று அருகிவிட்டனர். அவ்விடத்தில் தோல் வார்களைப் பின்னலாம். எந்தத் தோல் என்பதே கேள்வி. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பால் பதனிட்ட தோல் ஒருவகை. குரோமிய உப்பால் பதனிட்டது மற்றொரு வகை. முன்னதன் வெட்டுவாய் முழுதும் பழுப்பாய் இருக்கும். பின்னதில், உள்வரை சாயம் ஏறாதிருந்தால், நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். சிறு துண்டைக் கொதிநீரில் இட்டால் பட்டைத் தோல் சுருண்டு சிறுக்கும். நன்கு பதனிட்ட குரோமியத் தோல் அவ்வளவாகச் சுருங்காது. இருக்கைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைத் தோலே ஏற்றது. காலணித் தொழிற்சாலைகளில் கழியும் மேல்தோல் துண்டுகள் மெல்லியவை, நீளவும் செய்யும். அவை கைப்பிடிக்கு உறையாகவும் கால் அடியில் மெத்தையாகவும் பயன்படும்.

இங்கே வேதியியல் மாணவர்க்கு ஒரு செய்தி. பட்டைத் தோலை இரும்பாணியால் அறைந்தால் ஈரம் பட்டவுடன் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினர் அல்லவா? அதே வினைதான் நாற்காலியிலும் நிகழ்கிறது. ஆதலின் பித்தளை ஆணியே கொள்க.

ஒதுக்க வேண்டியவை

குரோமியத் தோல் கழிவை ஒருபோதும் எரிக்கலாகாது. எரிக்கையில் அதிலுள்ள குரோமியம் நச்சு மிக்க வடிவுக்கு மாறக்கூடும். பாலாற்றுப் படுகையில் நீரும் நிலமும் பட்ட பாடு நாம் அறியாததன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. தோல் பதனிடும் கூடங்களில் சுழன்று ஓய்ந்த மரப்பீப்பாய்களின் பலகைகள் தடித்தவை, பார்வைக்கு அழகானவை, மலிவாகவும் கிடைக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உப்பும் இரசாயனமும் குடித்த மரம் அது. தொட்டிலுக்கும் உணவு மேசைக்கும் அதைத் தொடவேண்டாம் என்பேன்.

பழைய வண்ணப்பூச்சும் அவ்வாறே. வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் தூசி நெஞ்சில் சேரும். நனைத்துச் சுரண்டுக, குழந்தைகளை அப்பால் அனுப்புக.

வார் பின்னும் முறை

மூட்டுகளைப் பிரித்து, உளுத்த கழுந்துக்குப் பதில் பழைய தேக்கில் புதுக் கழுந்து செய்து ஒட்டி, ஒருநாள் இறுக்கிக் கட்டி வையுங்கள். பின்னர் ஒன்றரை அங்குல அகலத்தில் வார்களை அறுத்துக்கொள்க. முதுகந்தண்டை ஒட்டிய பகுதியில் அறுத்த வார் குறைவாக நீளும்; வயிற்றுப் பகுதி தொய்யும். வாரைச் சற்று ஈரமாக்கி, சட்டத்தைச் சுற்றி இழுத்து அடிப்புறத்தில் அறைக. முன்பின் வார்களை முதலில் முடித்து, குறுக்கு வார்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கவேண்டும். ஒவ்வொரு வார் நுனியிலும் இரண்டு அங்குலம் மிச்சம் விட்டு வைப்பது நல்லது. சில மாதம் உட்கார்ந்த பிறகு இருக்கை சற்றுத் தளரும். அப்போது ஆணியைக் கழற்றி, அந்த மிச்சத்தைப் பிடித்து இழுத்து மீண்டும் அறைந்துகொள்ளலாம்.