மனம் கேமரா இல்லை

அன்புள்ள கயல்விழிக்கு,

ஒருமுறை பார்த்த பக்கம் அப்படியே மனத்தில் பதிய வேண்டும், அதற்குப் போட்டோகிராபிக் மெமரி வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். வளர்ந்தவர் எவரிடமும் அப்படியொரு நினைவு இருப்பது இதுவரை ஐயமற நிரூபிக்கப்படவில்லை. மனக்கண்ணில் பளிச்சென்று தெரிவது வேறு, நினைவில் தங்குவது வேறு. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செஸ் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனையைப் பார். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்துவிட்டார். புதியவர் நாலைந்தோடு திணறினார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்ததும் மாஸ்டரும் ஏறக்குறையப் புதியவர் அளவுக்கே இறங்கிவிட்டார். கேமராவாக இருந்தால் இரண்டு பலகையும் ஒன்றுபோலத்தானே விழுந்திருக்க வேண்டும்? அவர் பார்த்தது தனித்தனிக் காய்களை அல்ல. காஸ்லிங் செய்த ராஜா, முன்னால் அரணாக மூன்று சிப்பாய்கள் என்று, பலநூறு ஆட்டங்களில் பழகிய அமைப்புகளை.

சில குழந்தைகளுக்குப் படத்தை எடுத்த பிறகும் அது எதிரே நிற்பதுபோலத் தெரிகிறதே என்று கேட்பாய். உண்மைதான், ரால்ஃப் ஹேபர் அதை ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அந்தக் காட்சி சில நிமிடங்களில் கலைந்துவிடும், அதிலும் பிழைகள் இருக்கும். எலிசபெத் என்ற பெண்ணின் கதை இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரு கண்ணால் பார்த்த பத்தாயிரம் புள்ளிகளின் கோலத்தை, மறுநாள் மறு கண்ணால் பார்த்த கோலத்தோடு மனத்திலேயே பொருத்தி, மறைந்திருந்த உருவத்தைச் சொன்னார் என்று 1970-இல் சார்ல்ஸ் ஸ்ட்ரோமேயர் எழுதினார். பின்னர் அந்தப் பெண்ணையே மணந்தார்; சோதனையை வேறெவரும் அவரிடம் திரும்பச் செய்து பார்க்கவில்லை. ஜான் மெரிட் அதேபோன்ற புள்ளிப் படங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, அப்படிச் செய்யக்கூடியவர்களைத் தேடினார். சரியான விடை எழுதியவர்களில் ஒருவராலும் நேரில் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. ஒரே ஒரு சாட்சியை நம்பி இவ்வளவு பெரிய முடிவுக்கு வர நான் தயாரில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மனத்தில் படமே தோன்றாதவர்கள் உண்டு. 2015-இல் ஆடம் ஜீமன் அதற்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார். உலகை அனிமேஷனால் மயக்கிய பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தமக்கும் அப்படித்தான் என்கிறார். மனத்தில் படம் தோன்றாமலும் காரியம் நடக்கிறது. ஆகவே உயிரியல் புத்தகத்தில் இதயப் படத்தை முறைத்துக்கொண்டிருக்காதே. மூடி வை. வலது ஏட்ரியத்திலிருந்து ரத்தம் எங்கே போகிறது, நுரையீரலிலிருந்து எந்த அறைக்குத் திரும்புகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெற்றுத்தாளில் வரை. எந்த வால்வை விட்டுவிட்டாய் என்பது அப்போது தெரிந்துவிடும். அதற்கு மட்டும் புத்தகத்தைத் திற.