இசை நாடகத்தில் சொல்லின் இடம்

ஓபரா என்னும் மேனாட்டு இசை நாடகத்திற்கு எழுதப்படும் உரையை ‘லிப்ரெட்டோ’ என்பர். இசையின் புகழ் மிகுதியால் இவ்வுரையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் மறக்கவில்லை. ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ என்னும் தம் ஓபராவுக்கு, திரைப்படத்திற்கென்று பெர்னானோஸ் எழுதிய வசனத்தைத் தாமே சுருக்கி அமைத்துக்கொண்டார். கேட்போர்க்குச் சொல் விளங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எனவே 1957 ஜனவரியில் மிலானில் இத்தாலியத்திலும், ஜூனில் பாரிசில் பிரெஞ்சிலும் அது பாடப்பெற்றது.

1794 ஜூலை 17 அன்று கொம்பியேன் மடத்தைச் சேர்ந்த 16 பேர் பாரிசில் கில்லட்டினால் கொல்லப்பட்டதே கதையின் அடிப்படை. இறுதிக் காட்சிக்கென்று புதிய வசனம் இல்லை. நாம் நன்கறிந்த கிருபை தயாபத்து மந்திரத்தையே இலத்தீனில் பாடியபடி கன்னியர் கொலைமேடை ஏறுகின்றனர். கத்தி விழுந்தோறும் ஒரு குரல் குறைகிறது. கடைசியில் பிளான்ஷ் (இவள் கற்பனைப் பாத்திரம்) தூய ஆவியின் கீதத்தைத் தனியே பாடுகிறாள். சொல் முடியுமுன் கத்தி விழுகிறது.