பழைய ரிசீவரும் வற்றிப்போன கண்டன்சரும்

பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, லேபில் கெப்பாசிட்டர், கடைக்குப் போனால் கண்டன்சர். மூன்றும் ஒன்றுதான் நண்பர்களே. ஆனால் எல்லாக் கண்டன்சருக்கும் ஒரே மாதிரி வயசாகாது. இது தெரியாமல்தான் பலர் நல்ல செட்டை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஏரியூரில் எங்கள் வீட்டில் இருப்பது 1984-ல் சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர். தருமபுரி வானொலியைப் போட்டால் பாட்டோடு "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் உறுமல் மட்டும் குறையாது. "போர்டே போச்சு தம்பி, புளூடூத் செட் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை.

அந்த உறுமலே பாதி வியாதியைச் சொல்லிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டினால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். உறுமல் 100-ல் இருந்து, வால்யூமுக்கும் அசையாவிட்டால் முதல் சந்தேகம் பவர் சப்ளை ஃபில்டர் கண்டன்சர் மேல்தான். 50 என்றால் எர்த், ஷீல்டு வயர் பக்கம் பாருங்கள். எத்தனை ஹெர்ட்ஸ் என்று செல்போன் ஆப்பே காட்டிவிடுகிறது.

எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் இருப்பது அலுமினியத் தாள், அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம், மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம். அந்த ஈரம் ரப்பர் அடைப்பு வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கொள்ளளவு இறங்கும், உள்தடை ஏறும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. நம்ம மாவட்டத்துச் சித்திரை வெயிலை நினைத்தால், 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி வகை போடுவதே சரி. பாலியெஸ்டர், செராமிக் வகைகளில் வற்றுவதற்குத் திரவமே கிடையாது. "எல்லாத்தையும் மாத்திடு" என்பது வீண் வேலை. டியூனர் பகுதியில் கை வைத்தால் அலைன்மெண்ட்டும் போய்விடும்.

எங்கள் செட்டில் 6800 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் இரண்டு. ஒன்று 3100 காட்டியது, மற்றது 3400. வாங்கும்போது வோல்ட்டேஜைக் கொஞ்சம் யோசிக்கணும். செட் 220-க்குச் செய்தது. நடுராத்திரி எங்கள் ஊரில் 250 வரும். அப்போது 40 வோல்ட் டி.சி. லைன் 45-ஐத் தாண்டும். அதனால் 63 வோல்ட் வாங்கினேன். அப்படியும் புதுசு பழசைவிடச் சின்னதாகவே இருந்தது!

பிளக்கைப் பிடுங்கியதும் தொட்டுவிடாதீர்கள். இந்த அளவுக் கண்டன்சர் ஒன்றில் 5 ஜூலுக்கு மேல் தேங்கி நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது சினிமாவுக்கு நல்லது. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிஷம் குறுக்கே பிடித்து, மல்டிமீட்டரில் சைபர் பார்த்த பிறகே சால்டரிங் அயர்னை எடுக்கணும்.

கண்டன்சர் உடம்பில் கோடு இருப்பது மைனஸ் கால். போர்டில் பெரும்பாலும் பிளஸ்தான் அச்சாகியிருக்கும். இரட்டை சப்ளையில் மைனஸ் லைன் கண்டன்சரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போகும். தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். அடியில் பழுப்பாகக் காய்ந்திருப்பது எல்லாமே கசிந்த திரவம் அல்ல, பலமுறை கம்பெனி வைத்த பசைதான். ஆனாலும் சுரண்டி எடுங்கள். வயசான பசை மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கம்பிகளையும் அரிக்கும்.

முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட். எங்களுடையது மங்கியது, உறுமலும் நின்றது. பிறகு ஆடியோ போர்டில் 22 சின்ன எலக்ட்ரோலிடிக்கையும் ஒரு காலைக் கழற்றிச் சோதித்தேன். மாற்ற வேண்டியிருந்தது மூன்றே மூன்று.