ஆர்ம் மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவும் முன் அறிய வேண்டியவை

லினக்ஸ் நிறுவ விரும்பும் ஆசிரியர்கள் முதலில் தம் மடிக்கணினியின் செயலி எவ்வகை என அறிய வேண்டும். இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான லினக்ஸ் ஆர்ம் செயலியில் இயங்காது. இரு வகைச் செயலிகளும் ஏற்கும் கட்டளைகள் வேறு. ‘ஆர்ம்64’ பதிப்பே தேவை.

அதுவும் எல்லா ஆர்ம் கணினிகளுக்கும் பொருந்திவிடாது. வன்பொருள் விவரங்களை லினக்ஸுக்கு உணர்த்தும் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பு மாடலுக்கு மாடல் மாறும். ஆப்பிள் எம்1, எம்2 கணினிகளுக்கெனத் தனியே அசாஹி லினக்ஸ் உள்ளது. எனவே, உங்கள் மாடலுக்கு ஆதரவு உண்டா எனப் பாருங்கள்.

பாடக்குறிப்புகள், மதிப்பெண் பட்டியல்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இயலுமானால் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி வைஃபை, ஒலி, புரொஜெக்டர் இணைப்பு, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைச் சோதியுங்கள். அனைத்தும் சரியாக இயங்கினால் மட்டுமே நிறுவுங்கள். மறுநாள் வகுப்பு தடைபடக் கூடாதல்லவா?