பால்மரங்கள் நான்கு
பூவாலும் கனியாலும் உறவறிதல்

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்பது எம் முன்னோர் வாய்மொழி. இதனை அறியாத மாணவர் எம்முள் அரியர். இலுப்பைப்பூவைக் கையிலெடுத்துப் பார்த்த மாணவரோ அதனினும் அரியர்.

மன்னார்ப் பகுதியில் இலுப்பைக்கடவை, திருகோணமலையிற் பாலையூற்று, மட்டக்களப்பில் மகிழடித்தீவு என ஊர்ப்பெயர்களிலே நிலைத்த மரங்கள் மூன்று உள. இம்மூன்றும் ஒரே குடும்பத்தின என்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்து எம் வளவுகளிற் குடியேறிய சப்போட்டாவும் அக்குடும்பத்ததே. அதன் பெயராலேயே தாவரவியலார் இக்குடும்பத்தைச் சப்போட்டேசியே என வழங்குவர். இவ்வுறவு எவ்வாறு துணியப்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் பாலும் போதா

நான்கு மரங்களிலும் பட்டையைக் கீறினாற் பால் வடியும். ஆயினும் பால் ஒன்றையே சான்றாகக் கொள்ளல் தகாது. ஏழிலைப்பாலையும் வெட்பாலையும் பாலுடையன, பெயரும் பாலையே. எனினும் அவை அலரியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் காய் நீண்டு உலர்ந்து வெடிக்கும்; மயிர்க்குஞ்சமுடைய வித்துக்களைக் காற்று எடுத்துச் செல்லும். வன்னிக் காட்டுப் பாலையோ சதைக்கனி தருவது. ஆதலின் பெயர் மயக்கும் இடத்தில் பூவும் கனியுமே உண்மை உரைக்கும்.

பூவின் சான்று

இலுப்பைப்பூவிற் புல்லிகள் நான்கு. இரண்டிரண்டாக இரு வட்டங்களில் அமைந்துள்ளன. பாலையிலும் சப்போட்டாவிலும் மும்மூன்றாக ஆறு. மகிழில் நந்நான்காக எட்டு. எண் வேறுபடினும் இருவட்ட ஒழுங்கு மாறவில்லை. குடும்ப ஒற்றுமை இதுவே.

இனி, அல்லிகள் அடியில் ஒன்றாக இணைந்துள்ளன. கேசரங்களும் அவற்றோடு ஒட்டியுள்ளன. அதனால் அல்லிவட்டம் முழுமையாகவே கழன்று வீழும். சூலகமும் தம்பமும் மரத்திலேயே தங்கிவிட, வீழ்ந்த மகிழம்பூவின் நடுவிலே துளை எஞ்சுகிறது. ஊசியின்றியே சிறுமியர் மகிழம்பூவை நாரிற் கோப்பது இத்துளையினாலன்றோ! உலர்ந்த பின்னும் மணம் நீங்காத இம்மலரின் மரமே திருவொற்றியூரிலே தலமரமாயிற்று. சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாருக்குச் சூளுரைத்ததும் அம்மகிழின் கீழேயாம்.

இலுப்பையோ இரவிற்குரிய மரம். இலையுதிர்ந்து தளிர் தோன்றும் காலத்திலே கிளைநுனிகளிற் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். தடித்த அல்லிவட்டம் வெல்லம் நிறைந்தது. அதனை நாடிப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. தம்பம் பூவுக்கு வெளியே நீண்டு நிற்பதால், வௌவாலின் உடலிற் படிந்த பிறபூ மகரந்தம் குறியிற் சேருகிறது. விடியுமுன் அல்லிவட்டங்கள் நிலத்திலே பரந்து கிடக்கும். பழமொழி கூறும் சர்க்கரை இதுவே.

கனியும் வித்தும்

கனிகள் யாவும் சதையுடையன. வித்துக்கள் பளபளப்பான கடினத் தோலுடன் ஒரு வெளிறிய தழும்பைக் கொண்டன. அத்தழும்பு இலுப்பையிலும் சப்போட்டாவிலும் நெடிது. மகிழில் அடியிலே சிறிது.

இலுப்பை வித்தின் பருப்பில் ஏறத்தாழப் பாதி நெய்யாகும். கோயில் விளக்குகளை எரித்தது அந்நெய்யே. பிண்ணாக்கிற் சப்போனின் என்னும் பொருள் இருப்பதால் அது நீரில் நுரைக்கும். அதனாலேயே தலைமுழுக்கிற்குப் பயன்பட்டது.

பாலைப்பழம் மஞ்சள் நிறமானது, இனிமை மிக்கது, உண்டபின் உதட்டிற் பால் ஒட்டும். வில்பத்துக் காட்டிலே பழக்காலத்திற் கரடி பாலையை நாடி ஏறும். கரடி கிளையேறித் தின்ன, மனிதரிற் சிலரோ பழம் பறித்தற்குக் கிளையையே தறிக்கின்றனர். நீரில் அமிழும் அளவு கனமான வைரத்தை மெல்ல மெல்லச் சேர்க்கும் மரம் அது. தறித்த கிளை விரைவில் மீளாது.

ஒட்டின் சான்று

சப்போட்டாவைச் ‘சீமையிலுப்பை’ என்றும் எம்மவர் அழைத்தனர். நூலறிவின்றியே உறவைக் கண்ட கூர்மை இது. தோட்டக்காரரோ இன்னும் ஒருபடி சென்றனர். பாலைக்கன்றை ஒட்டுக்கட்டையாகக் கொண்டு, அதன்மேற் சப்போட்டாக் கிளையை ஒட்டி வளர்க்கின்றனர். நெருங்கிய உறவில்லா மரங்களில் இத்தகைய ஒட்டுப் பொருந்தாது. மத்திய அமெரிக்கத் தாவரமும் வன்னிக்காட்டு மரமும் உறவினர் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

எமது கடன்

நெல்லையும் பயற்றையும் போல இலுப்பை வித்தை உலர்த்திச் சேமித்தல் இயலாது. உலர்ந்தால் உயிர் போகும். சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றல் குன்றும். வித்தைப் பேணும் ஒரே களஞ்சியம் மரமே. ஓர் ஊரின் இறுதி இலுப்பை வீழுமாயின், அவ்வூர் பின்னர் எடுத்து நடுதற்கு வித்து எஞ்சியிராது. மின்விளக்கு வந்தபின் நெய் வேண்டாதாயிற்று. நெய் வேண்டாதபோது மரமும் வேண்டாதாயிற்று. இந்நிலையை மாற்றுதல் கடினமன்று. கனி உதிர்ந்தவுடன் வித்தைப் பையிலிட்டு நிழலில் முளைக்கச் செய்து, கன்று தேறியபின் ஐப்பசி கார்த்திகை மாரியிலே நடல் வேண்டும்.

இலுப்பை காய்த்தற்கு ஏறத்தாழப் பத்தாண்டு செல்லும். இவ்விழா ஆண்டிலே ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கன்றொன்றை நடுவானாயின், அது பூக்குங் காலத்தில் அவன் பழைய மாணவனாயிருப்பான். அவன் கல்லூரிக்கு மீண்டு வரும் ஒரு விடியலில், தன் கையால் நட்ட மரத்தடியிலே பூவைப் பொறுக்கிப் புல்லிகளை எண்ணிப் பார்ப்பானாக.