சந்திரகாந்தக் கல்

மதியொளி பட்டால் நீர் கசியும் கல் சந்திரகாந்தம் என்பது புலவர் மரபு. யாம் வகுப்பில் இதனைக் கற்பித்தபோது, “ஐயா, அது மெய்யோ?” என வினவினான் ஒரு மாணாக்கன்.

இன்று அப்பெயரால் வழங்கும் கல் பெல்சுபார் இனத்தது. காலி மாவட்டத்து மீட்டியாகொடையில் வெண்களியினின்று அகழப்படும் நீலவொளிக் கற்கள் பெரும் புகழ் வாய்ந்தவை. இருவகைப் பெல்சுபார்கள் மெல்லிய தகடுகளாய் இதனுள் மாறிமாறி அடுக்குண்டு கிடக்கின்றன. அவற்றிடையே ஒளி சிதறுதலால், கல்லினுள் நிலவு மிதப்பதுபோற் தோன்றும், நீரோ கசிவதில்லை.

1912 ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் வகுத்த பட்டியலில், முத்தோடு இதுவும் யூன் மாதப் பிறப்புக் கல்லாயிற்று. மனவமைதி தரும் என்று இதனை அணிவாரும் உளர். இதன் கடினம் 6 முதல் 6.5 வரையே, மணற்றுகளும் கீறிவிடும். ஆதலின் மோதிரத்தினும் பதக்கத்திற்கும் காதணிக்குமே மிக ஏற்றது. மென்றுணியாற் துடைத்தல் வேண்டும்.

வினவிய மாணாக்கனின் அன்னையார், மகன் பரீட்சையிற் சித்தியெய்தக் கடன்பட்டு இக்கல் மோதிரம் வாங்க எண்ணியிருந்தமையைப் பின்னர் அறிந்தோம். “அம்மா, அழகின் பொருட்டாயின், கைப்பொருள் உள்ளபோது வாங்குங்கள், பரீட்சையின் பொருட்டாயின் கடன் வேண்டா, பிள்ளை படிக்கட்டும்” என்றோம். அவரும் இசைந்தார்.

புலவர் கூறிய நீரைச் செய்யுளிற் சுவைப்போம். கல்லைக் கல்லாகவே அறிவோம்.