பூமிக்கடியில 201, கையில 10

"இன்னும் சில நூறு வருஷத்துக்கு நிலக்கரி இருக்கு" என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். பூமிக்குள்ள இருக்குறதை வெளியில நின்னுக்கிட்டே எப்படிக் கணக்குப் போடுறாங்க? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருக்கும் ஜில்லெட் நிலக்கரி வயலை வைத்துப் பார்ப்போம். 2008-ல் அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத்துறை இதற்கு ஒரு விரிவான மதிப்பீடு வெளியிட்டது.

அடிப்படை ஃபார்முலா ரொம்ப சிம்பிள்: பரப்பளவு × தடிமன் × அடர்த்தி. 1 சதுர கிலோமீட்டரில் 10 மீட்டர் தடிமனுக்கு நிலக்கரி இருந்து, அடர்த்தி 1.3 என்றால் 1.3 கோடி டன். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனா அந்தத் தடிமன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது.

அதனால் போர் போட்டுப் பார்க்கிறார்கள். துளைக்குள் காமா கதிர் அளக்கும் கருவியை இறக்கினால், ஷேல் பாறையில் அளவு ஏறும், நிலக்கரி வந்ததும் சட்டென்று இறங்கும். கிராஃபில் அந்தப் பள்ளம் தொடங்கும் ஆழமும் முடியும் ஆழமும் தெரிந்தால் தடிமன் கிடைத்துவிடும். ஜில்லெட் பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஏகப்பட்ட கிணறுகள் தோண்டியிருந்தாங்க. அந்த டேட்டாவும் இந்த மதிப்பீட்டுக்குக் கைகொடுத்தது.

இரண்டு துளைகளுக்கு நடுவில் என்ன இருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் யூகிக்கும். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துத் துளைகளுக்கு அதிக மதிப்பும் தூரத்துத் துளைகளுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடிமன் போடும். கிரிகிங் என்ற முறை இதில் பிரபலம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த கிரிகே என்ற இன்ஜினியரின் பெயரால் வந்தது.

இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கொஞ்சம் கவனிங்க. ஒரு துளை, நிலக்கரி இருக்கும் ஆழத்துக்குப் போகாமலே நின்னுடுச்சுன்னா அங்கே மதிப்பு 'தெரியாது'. முழுசாகத் துளைத்தும் நிலக்கரி இல்லை என்றால் மதிப்பு 0. முதல் வகையிலும் 0 போட்டுட்டா, மாடல் சுத்துவட்டார நிலக்கரியையும் சேர்த்துக் குறைச்சிடும். ஜில்லெட்டில் நிஜமான 0-வும் உண்டு. சில இடங்களில் நிலக்கரி பூமிக்குள்ளேயே எரிந்துபோய், மேலிருந்த பாறை சுட்ட செங்கல் மாதிரி சிவந்து கிடக்கிறது.

துளையிலிருந்து எவ்வளவு தூரம் வரை யூகத்தை நம்பலாம் என்பதற்கும் விதி இருக்கு. அமெரிக்க முறைப்படி கால் மைல் வரை 'அளந்தது', முக்கால் மைல் வரை 'சுட்டப்பட்டது', 3 மைல் வரை 'ஊகம்'.

இப்போ ரிசல்ட். 11 படுகைகளிலும் சேர்த்து மொத்தம் 201 பில்லியன் ஷார்ட் டன். ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஊர்கள் போன்றவற்றுக்குக் கீழே இருப்பதைக் கழித்தால் 164. ரொம்ப மேல்மண்ணை அள்ள வேண்டிய இடங்களையும், வெட்டும்போது வீணாவதையும் கழித்தால் 77. அன்றைய விலையில் லாபத்தோடு எடுக்கக்கூடியது? ஆறு படுகைகளில் 10.1 பில்லியன். அவ்வளவுதான்.

2006-ல் இந்த வயலில் எடுத்தது சுமார் 431 மில்லியன் டன். அதே வேகத்தில் போனால் 201 பில்லியன் 466 வருஷத்துக்கு வரும். 10.1 பில்லியனை வைத்துப் பார்த்தால் 23 வருஷம்தான். இரண்டுக்கும் ஒரே மாடல்தான், ஒரே துளைகள்தான். செய்தியில் வருஷக் கணக்கு வந்தால், எந்த எண்ணை வகுத்தாங்கன்னு முதல்ல பாருங்க. கடைசி எண்ணும் நிலையானது இல்லை. விலை ஏறினால் ஏறும், டீசல் செலவு கூடினால் இறங்கும்.

செஞ்சு பார்க்க ஆசை இருந்தா கியூஜிஐஎஸ் இலவசம்தான். பத்துப் புள்ளிகளுக்குத் தடிமன் போட்டு இன்டர்போலேஷன் ஓட்டுங்க. பிறகு நடுவில் ஒரே ஒரு புள்ளியை நீக்கிட்டு மறுபடி ஓட்டி, மொத்த டன் எவ்வளவு மாறுதுன்னு பாருங்க.